கோடி வருச மழயத் தேடிக் கல்லு சொமந்த கத

கல்லு சொமக்கிற வேலையில ஒரு சௌகரியம் உண்டுங்க: கல்லு திருப்பிப் பேசாது, பேசறதெல்லாம் வேடிக்க பாக்க வர்றவங்கதான்.

படிப்ப நடுவுல வுட்டுட்டு, "தம்பி இப்ப என்ன பண்ணுது?"ன்னு யாராவது கேட்டா அப்பா பேச்ச மாத்துற வூட்டுல நீங்களும் சோறு தின்னிருந்தீங்கன்னா, இது உங்களுக்காகத்தான் எழுதறேன். ஒரு எடத்துல அரை மணி நேரம் ஒக்கார முடியாத ஆளு நான். நாலாவது பாரம் வரைக்கும் வாத்தியாருங்க என்னய ஒக்கார வெச்சுப் பாத்தாங்க. அப்புறம் என்னய வெளிய நிக்க வெச்சுப் பாத்தாங்க. நின்னவன் அப்படியே நடந்து வூட்டுக்கு வந்துட்டேன்.

ரெண்டாவது உலக யுத்தம் வர்றதுக்கு முந்தின மார்கழியில, கல்கத்தாவுலருந்து ஒரு கல்லு ஆபீசரு தர்மபுரி பிரயாணிகள் பங்களாவுல வந்து எறங்குனாரு. கல்லயும் மண்ணயும் பாத்து, இந்த பூமியில அந்தக் காலத்துல மழ எப்படி, வெயிலு எப்படி, குளுரு எப்படின்னு கண்டுபிடிக்கிறது அவரு வேல. அந்தக் காலம்னா வெள்ளக்காரன் வர்றதுக்கு முந்திங்கிற கணக்கு இல்லீங்க. லட்சத்துல ஆரம்பிச்சு கோடியில போயி நிக்கிற காலம்.

ஜாதகம் இல்லாத கல்லு

ஆபீசரு தஞ்சாவூர் பக்கம் பொறந்தவரு. தமிழு வரும், கன்னடமும் தெலுங்கும் வராது. நம்ம ஊருத் தமிழும் பாதிதான் புரியும். அதனால கூட வர ஒரு ஆளு தேடுனாரு. நான் போயி நின்னேன். "என்னென்ன பாஷை வரும்?"னு கேட்டாரு. "தமிழு, கன்னடம், தெலுங்கு மூணும் வாயில வருங்க. இங்கிலீசு காதுல போவும், வாயில வராது"ன்னேன். மேச மேல இருந்த ஒரு கருங்கல்ல எடுத்துக் கையில குடுத்து, "இதுக்கு என்ன வயசு சொல்லு, பாப்போம்"னாரு. "எங்க ஊருல கல்லுக்கெல்லாம் ஜாதகம் எழுதறதில்லீங்களே"ன்னேன். சிரிச்சுட்டாரு. சிரிச்சவரு வேலயக் குடுத்துட்டாரு. கல்லு சொமக்கணும், கல்லு மேல நம்பரு எழுதி சீட்டு ஒட்டணும், ஊருக்காரங்ககிட்டப் பேசணும்.

ஆனா வேல பங்குனி வரைக்கும்தான். பங்குனியில பெரிய ஆபீசரு ஒருத்தரு கல்கத்தாவுலருந்து வந்து பாப்பாரு. அவரு கையில ஒரே ஒரு பர்மனெண்டு வேல இருக்குது. அவரு கையெழுத்துப் போட்டா நான் சர்க்காரு ஆளு. போடலன்னா மாரண்டஹள்ளியில எங்க மாமாவோட புளி மண்டி. காலயிலருந்து பொழுது சாயற வரைக்கும் ஒரே பலக மேல ஒக்காந்து, வர்ற புளியில கொட்ட இருக்குதா, நாரு கோது இருக்குதான்னு நோண்டிக்கிட்டே இருக்கணும். எனக்கு ஜெயிலே தேவலாம்னு தோணும். ஜெயில்லயாவது சாயங்காலம் நடக்க வுடுவாங்களாம்.

வேல கெடச்ச சேதியச் சொல்ல வூட்டுக்கு ஓடுனேன். அப்பா அப்பத்தான் வறண்டு போன கெணத்த எட்டிப் பாத்துட்டு வந்து மேலுக்கு ஊத்திக்கத் தண்ணியில்லாம நின்னுக்கிட்டிருந்தாரு. நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் பொறுமயாக் கேட்டாரு. அப்புறம் எங்கம்மா பக்கம் திரும்பிச் சொன்னாரு: "இந்த வருசத்து மழ எங்க போச்சுன்னு நான் தேடிக்கிட்டிருக்கேன், உன் மவன் கோடி வருசத்து மழயத் தேடப் போறானாம், ரெண்டு பேருக்கும் சேத்து சோத்தப் போடு."

பன்னண்டு அடியில வெயில் காலம்

இண்டூருல சின்னசாமின்னு ஒரு வெவசாயி கெணறு வெட்டிக்கிட்டிருந்தாரு. பன்னண்டு அடி போயிருந்துச்சு, பொட்டுத் தண்ணி இல்ல. வெட்டுன கெணத்தப் பாத்ததும் எங்க ஆபீசருக்கு மாமியாரு வூட்டு விருந்தப் பாத்த மாதிரி ஆயிடுச்சு. வெட்டுற ஆளுங்கள மேல ஏறச் சொல்லிட்டு, கயித்தப் புடிச்சு அவரே உள்ள எறங்கிட்டாரு. ஆளுங்க நாலு பேரும் வேப்பமரத்தடியில ஒக்காந்து பீடியப் பத்த வெச்சாங்க. சின்னசாமி மட்டும் கெணத்து ஓரத்துலயே குத்துக்கால் வெச்சு ஒக்காந்தாரு.

உள்ளருந்து சத்தம் வருது. "எழுதிக்கோப்பா! மேல செம்மண்ணு. அதுக்குக் கீழ சுக்கான்கல்லு. சுக்கான் வெளஞ்சிருக்குன்னா மழை கொறஞ்சு வெயில் காஞ்ச காலம்!" எழுதுனேன். "அதுக்கும் கீழ கூழாங்கல்லு! இங்க ஆறு ஓடியிருக்கு!" சின்னசாமி சடார்னு எந்திரிச்சுட்டாரு. "ஆறா? எந்தப் பக்கம் ஓடுது, கேளு தம்பி!"ன்னாரு. "அது ஓடி எத்தனயோ ஆயிரம் வருசம் ஆச்சுங்க"ன்னேன். மனுசன் மறுபடியும் ஒக்காந்துட்டாரு.

ஒரு மணி நேரம் கழிச்சு ஆபீசரு மொகமெல்லாம் மண்ணா, வாயெல்லாம் பல்லா மேல வந்தாரு. "உங்க கெணறு ரொம்ப ஒசத்தியான கெணறு"ன்னாரு. சின்னசாமி கையக் கட்டிக்கிட்டு மரியாதயாத்தான் கேட்டாரு, இன்னும் எத்தன அடியில தண்ணி வரும்னு. "அது எனக்குத் தெரியாதே, அது வேற டிபார்ட்மெண்டு"ன்னாரு ஆபீசரு. சின்னசாமி என்னய ஓரமாக் கூட்டிக்கிட்டுப் போயி மெதுவாச் சொன்னாரு: "ஓடிப்போன தண்ணிக்கு ஒரு டிபார்ட்மெண்டு, ஒளிஞ்சிருக்கிற தண்ணிக்கு ஒரு டிபார்ட்மெண்டா? அடுத்த தடவ வர்றப்ப அந்த இன்னொருத்தரக் கூட்டிக்கிட்டு வா, இவரு நல்லவருதான், வூட்டுலயே இருக்கட்டும்."

பஸ்ஸுல வந்த பனிக்காலம்

மாரண்டஹள்ளி சந்தையில ஆபீசரு நிலக்கடல மூட்ட மேல ஒக்காந்து வெவசாயிங்களுக்குக் கத சொன்னாரு. நம்ம தேசத்துல பல பக்கம் ஒரு காலத்துல மலயாட்டம் பனிக்கட்டி மூடிக் கெடந்துச்சாம். நான் கன்னடத்துல சொல்றேன், தெலுங்குல சொல்றேன், ஒருத்தரு மொகத்துலயும் ஒண்ணும் ஏறல. பனின்னா அவங்களுக்கு மார்கழியில அவரச் செடி மேல நிக்கிறது. அதுல போயி மல எப்படிங்க கட்டறது? ஆபீசருக்கு ரோசம் வந்துடுச்சு. "நீ பெங்களூருக்கு பஸ் ஏறு. ஐஸ் வாங்கிக்கிட்டு வா. அடுத்த சந்தையில கண்ணுல காட்டிடுவோம்"னுட்டாரு.

ரெண்டு வயசுக் கொழந்த கனத்துக்கு ஒரு பாளம் வாங்கி, மரத்தூளு போட்டு, கோணியில சுத்தி, மடியில வெச்சுக்கிட்டு பஸ்ஸுல ஒக்காந்தேன். ஒசூரு வர்றதுக்குள்ளயே ஒழுக ஆரம்பிச்சுடுச்சு. பக்கத்துல கூடையோட ஒக்காந்திருந்த அம்மா கால மேல தூக்கிக்கிட்டு, "தம்பி, உன் மூட்ட ஒண்ணுக்குப் போவுது பாரு"ன்னாங்க. ராயக்கோட்டயில டயரு பஞ்சர். டிரைவரு பஞ்சர் ஒட்ட ஒட்ட என் உத்தியோகம் கரைஞ்சு ரோட்டுல ஓடுது. மூட்டயத் தூக்கிக்கிட்டுப் புளியமரத்து நெழலுக்கு ஓடுனேன். பஸ்ஸுக்காரங்க எல்லாம் என் பின்னாடியே ஓடி வந்து பாத்தாங்க, உள்ள என்னமோ உசுரோட இருக்குதுன்னு நெனச்சு.

சந்தைக்கு வந்து பிரிச்சா ஒரு எலுமிச்சங்கா அளவு இருந்துச்சு. ஆபீசரு அத ஒரு பித்தளத் தட்டுல வெச்சு எல்லாருக்கும் காட்டிட்டு, ராமண்ணான்னு ஒரு ராகி வெவசாயி கையில குடுத்தாரு. ராமண்ணா கன்னடக்காரரு, அதிகம் பேச மாட்டாரு. அது கையில சில்லுன்னு இருந்துச்சு, சுருங்குச்சு, தண்ணியா நின்னுச்சு. உள்ளங்கையில நின்ன தண்ணிய ரொம்ப நேரம் பாத்தாரு. அந்த வருசம் அவரு காட்டுல ராகி காஞ்சு போயிருந்துச்சு. அவரு கன்னடத்துல கேட்டத அப்படியே தமிழுல சொல்றேன்: "மல ஒசரத்துக்கு இதுவா கெடந்துச்சு? அத்தன தண்ணியயும் கரைய வுட்டுட்டு, ஒரு ஏரி வெட்டாம, அன்னிக்கு இருந்தவங்க எல்லாம் சும்மாவா பாத்துக்கிட்டு இருந்தாங்க?"

குழிக்குள்ள நான்

ஒகேனக்கல்லுல ஆத்துக்கு மேல, தண்ணி எட்டாத ஒசரத்துல, பாறையில ஒரல் மாதிரி வட்ட வட்டமாக் குழி இருக்குது. சின்னது, பெருசு, ஆளு ஒசரம்னு பல தினுசு. வெள்ளத்துல உருண்ட கல்லு ஒரே எடத்துல சுத்திச் சுத்திக் கொடஞ்ச குழிங்க அது. ஆத்துத் தண்ணி இப்ப கீழ ஓடுது, குழி மேல இருக்குது, அப்படின்னா ஒரு காலத்துல ஆறு இந்த ஒசரத்துல ஓடியிருக்குதுன்னு ஆபீசரு சொன்னாரு. பரிசல்ல எங்களக் கூட்டிக்கிட்டு வந்த பெருமாளு, "அது எங்களுக்கும் தெரியுங்க, கல்லு சுத்தறத நாங்க தெனம் பாக்கறோமே"ன்னாரு. ஆபீசருக்கு அது புடிக்கல.

குழி எவ்வளவு ஆழம்னு அளக்கணும். எட்டிப் பாத்தாலே போதும், ஆனா பங்குனி கிட்ட வருதே, சுறுசுறுப்பக் காட்டுவோம்னு டேப்பக் கையில புடிச்சுக்கிட்டு உள்ள குதிச்சுட்டேன். அளந்தேன். நம்பரச் சொன்னேன். அப்புறம்தான் தெரிஞ்சுது, கோடிக்கணக்கான சுத்து சுத்தி பாறைய எண்ண தேச்ச மாதிரி வழவழன்னு பண்ணி வெச்சிருக்குது அந்தக் கல்லு. கால் வெக்க எடமில்ல, கை புடிக்க எடமில்ல. குதிக்கிறேன், சறுக்கி அடியில ஒக்கார்றேன். எங்க சமையக்காரரு மாதப்பன், அண்ணன்னுதான் நான் கூப்புடுவேன், மேலருந்து எட்டிப் பாத்து, "இன்னிக்கி ஒரு ஆளு சோறு மிச்சமா?"ன்னாரு. அவரு பேசறதே அவ்வளவுதான், ஒரு நாளைக்கு ஒண்ணு.

கயிறு பரிசல்ல இருக்குது, பரிசலு கீழ இருக்குது. பெருமாளு அவசரமே படாம குழி ஓரத்துல ஒக்காந்து வெத்தல போட்டாரு. தனக்குத் தெரிஞ்ச சங்கதிய ஆபீசரு என்னமோ புதுசாச் சொன்ன மாதிரிச் சொன்னது அவருக்கு இன்னும் ஆறல போல. என்னயப் பாத்துச் சொன்னாரு: "பயப்படாத தம்பி, உங்க சார் சொல்ற மாதிரி ஆறு மறுபடியும் இந்த ஒசரத்துக்கு வந்தா நீயே மெதந்து மேல வந்துருவ, அதுவரைக்கும் கொஞ்சம் பொறுமயா இரு."

வத்தல்மலையில ஒரு கம்பளி

இது சின்னக் கத. வத்தல்மலை மேல ஏறிப் போயி, அங்க இருக்கிற செங்கல்லு மாதிரிச் செவந்த கல்ல ஒடச்சுக்கிட்டிருந்தோம். வெக்கயும் மழயும் சேந்து லட்சக்கணக்கான வருசம் அடிச்சாத்தான் கருங்கல்லு மக்கி இப்படிச் செவக்கும்னு ஆபீசரு சொன்னாரு. சாமை காட்டுல நின்ன வெள்ளையன்னு ஒரு மலைக்காரரு கேட்டாரு, வெக்கையா இருந்த எடம் இப்ப எப்படிக் குளுருதுன்னு. "மாறிக்கிட்டேதான் இருக்கும். இன்னும் கூடக் குளுர் காலம் ஒண்ணு வரும்"னாரு ஆபீசரு. அவருக்கு அது இருபதாயிரம் வருசமா அம்பதாயிரம் வருசமாங்கிற பேச்சு. வெள்ளையன் கவலயோட மலய ஒரு சுத்து பாத்தாரு. அப்புறம் கிட்ட வந்து சொன்னாரு: "வர்றதுக்கு ஒரு வாரம் முந்தி யாரயாவது அனுப்பிச் சொல்லிடுங்க சாமி, வெத சாமை வாங்கறதுக்காக இருந்த ஒரே கம்பளியக் குடுத்துட்டேன், திருப்பி வாங்கணும்."

ஒதவுற கல்லு

பங்குனி வந்துடுச்சு. பெரிய ஆபீசரு வெள்ளிக்கெழம வர்றாருன்னு தந்தி வந்துச்சு. நான் நூத்துச் சொச்சம் கல்லுக்கும் புதுச் சீட்டு ஒட்டி, வரிசயா அடுக்கி, மீசைய ஒதுக்கி, கையெழுத்துப் போடற பேனா ஒழுகுதான்னு கூடப் பாத்து வெச்சேன்.

ஆபீசருகிட்ட ஒரு வெளியூருக் கல்லு இருந்துச்சு. ஒரிசா பக்கத்துலருந்து அவரே எடுத்துக்கிட்டு வந்தது. கறுப்பா, உள்ளங்கை அகலத்துல, ஒரு பக்கம் தட்டயா இருக்கும். அந்தத் தட்டயில கோடு கோடாக் கீறல். இருபது கோடி வருசத்துக்கு முந்தி பனிமல நகந்தப்ப, அடியில மாட்டுன கல்லு பாறை மேல தேஞ்சு தேஞ்சு விழுந்த கீறலாம். கெணத்துக்கும் குழிக்கும் அவரு சந்தேகமாப் பேசுவாரு, இந்தக் கல்லுக்கு மட்டும் சத்தியம் பண்ணுவாரு. பெரிய ஆபீசருக்கு மொதல்ல இதத்தான் காட்டணும்னு சொல்லியிருந்தாரு. பங்களாவுல எடம் இல்லன்னு அந்தக் கல்லு இருந்த பெட்டிய சமையல் கொட்டாயில வெச்சிருந்தோம்.

வியாழக்கெழம காலயில அத எடுக்கப் போனேன். மாதப்பண்ணன் மணையில ஒக்காந்து கத்தி தீட்டிக்கிட்டிருந்தாரு. சர்ரு, சர்ருன்னு நல்ல இழுப்பு. கையில என்ன கல்லுன்னு பாத்தேன். அந்த ஒரிசாக் கல்லேதான். "அண்ணா! அது என்ன கல்லுன்னு தெரியுமா?"ன்னேன். அவரு கத்தி முனைய வெரலால தடவிப் பாத்துக்கிட்டே சொன்னாரு: "தெரியாம என்ன, என் தீட்டுக்கல்லு ஒகேனக்கல்லுல தண்ணியில வுழுந்ததுலருந்து மூணு வாரமா இதுலதான் தீட்டறேன், நீங்க பொறுக்குனதுலயே இது ஒண்ணுதான் ஒதவுற கல்லு."

நூறு இழுப்பு

பெரிய ஆபீசரு வெள்ளக்காரரு. ஒசரமா, செவப்பா, வாயில பைப்போட வந்தாரு. எங்க ஆபீசரு கல்ல எடுத்து நீட்டுனாரு. கத்தி தீட்டுன சங்கதிய நான் அவருகிட்டச் சொல்லியிருக்கல. சொன்னா வேல போச்சு, மண்டிதான். பெரிய ஆபீசரு பூதக்கண்ணாடிய வெச்சுப் பாத்தாரு. மொகம் மலந்துடுச்சு. இவ்வளவு தெளிவா, இவ்வளவு நேராப் பனி போட்ட கோட்ட நான் பாத்ததே இல்லன்னாரு. எனக்கு இங்கிலீசு காதுல போவும்னு சொன்னேனே, எல்லாம் உள்ள போச்சு. கல்கத்தாவுல கண்ணாடிப் பொட்டியில வெக்கணும்னாரு. புஸ்தகத்துல படம் போடணும்னாரு. அப்புறம் என்னயக் காட்டி, "இந்தப் பையனா? எங்க அந்தக் காகிதம்?"னு கேட்டு பேனாவத் தொறந்தாரு.

நீங்களே சொல்லுங்க. பொறந்ததுலருந்து அந்த அஞ்சு நிமிசம்தான் நான் வாய மூடிக்கிட்டு இருந்தது. இன்னும் ஒரே நிமிசம் மூடிக்கிட்டிருந்தாப் போதும். ஆனா எங்க ஆபீசரு மொகத்தப் பாத்தேன். மழ எத்தன அடியில நின்னுச்சுன்னு நெசமாவே தெரிஞ்சுக்க ஆசப்பட்டு, வெயில்ல கெணறு கெணறா எறங்குன மனுசன். இருபது கோடி வருசமா ஒரு பொய்யும் சொல்லாத கல்லு அது. என் ஒரு வேலைக்காக நான் அதப் பொய் சொல்ல வெக்கறேன். வாய் தானாத் தொறந்துக்கிச்சு. "ஐயா, அந்த நேர்க்கோடு பனி போட்டதில்லீங்க. எங்க மாதப்பண்ணன் போட்டது. அவரு ஒடம்புல அவ்வளவு குளுருச்சி இருக்கும்னு எங்களுக்குத் தெரியாமப் போச்சுங்க."

ஆபீசரு மொகம் சாம்பலாயிடுச்சு. அத இங்கிலீசுல திக்கித் திணறிச் சொல்லி முடிச்சாரு. பெரிய ஆபீசரு பைப்ப வாயிலருந்து எடுத்தாரு. மாதப்பண்ணனக் கூப்புட்டு, கத்தியக் காட்டி, தீட்டுன்னு சைகை பண்ணாரு. அண்ணன் ஒக்காந்தாரு. சர்ரு, சர்ருன்னு பத்து இழுப்பு. பெரிய ஆபீசரு தரையில படுத்துக் கண்ணாடியில பாத்தாரு. கத்தி போட்ட கோடு எல்லாம் ஒரே வாட்டம், மேலோட்டமா மினுக்குது. அதுக்கு அடியில, ஆழமா, ரெண்டு மூணு வாட்டத்துல குறுக்க மறுக்கப் போற கோடு. அதுதான் பனி போட்டது. அது அழியாம அப்படியே இருந்துச்சு. உடனே நாங்க அடுக்குன கல்லு ஒவ்வொண்ணயும் எடுத்து, எந்தக் கல்லுல எத்தன இழுப்புக்கு எப்படிக் கோடு வுழுதுன்னு பாக்கணும்னுட்டாரு. மத்தியானம் வரைக்கும் மாதப்பண்ணன் கல்லுக்கு நூறு இழுப்பு இழுத்தாரு. வேர்வையத் தொடைக்கல, ஒரு வார்த்த பேசல. கத்தி பாதி தேஞ்சுடுச்சு. பெரிய ஆபீசரு இழுப்ப எண்ணிக்கிட்டே இருந்தாரு, ஒண்ணு கூடக் கூடல, கொறயல.

சாயங்காலம் அந்தக் காகிதத்துல கையெழுத்து வுழுந்துச்சு. பேரு மட்டும் மாதப்பன். எங்க ஆபீசரு என்னயத் தனியாக் கூட்டிக்கிட்டுப் போயி, "நெசத்தச் சொன்னதுக்கு உனக்கு நான் கடன்பட்டிருக்கேம்ப்பா. ஆனா பெரியவருக்கு வேண்டியது ஒரு காரியத்த நூறு தடவ பேசாமச் செய்யற கை. நீ ஒரு காரியத்துக்கு நூறு பேச்சுப் பேசற வாய்"னாரு. கோவமே வரல எனக்கு, சிரிப்புதான் வந்துச்சு, ஏன்னா அத விடச் சரியா என்னய எங்கப்பா கூடச் சொன்னதில்ல. மறுநா பெட்டி படுக்கையோட வண்டியில ஏறுன மாதப்பண்ணன், அன்னிக்கிப் பேச வேண்டிய ஒண்ண என்கிட்டப் பேசுனாரு: "கல்கத்தாவுல நல்ல புளி கெடைக்காதாம் தம்பி, உங்க மாமா மண்டியில ஒக்காந்ததும் மொத வேலயா எனக்கு ஒரு தூக்குப் புளி அனுப்பி வை, கோது இல்லாமப் பாத்து."

அனுப்பி வெச்சேன், பத்து நாளு ஒக்காந்து பொறுக்கி, கோது இல்லாமத்தான். பதினோராம் நாளு பலகயிலருந்து எந்திரிச்சு நடந்துட்டேன், ஏன்னா வெந்தும் ஒறஞ்சும் கோடி வருசமா ஒரு நெலயில நிக்காத பூமி மேல என்னய மட்டும் ஒரே எடத்துல ஒக்காருன்னா எப்படிங்க?